சோப்பு டப்பா டெஸ்டர்

அந்தக் காகிதத்தில் மொத்தம் நான்கு வரிகள். மூன்றாவது வரிக்கு வரும்போதே ஈயக்காரிக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. நான்காவது வரியைப் படித்துவிட்டு அவள் டீ டம்ளரை மேசையில் வைத்த வைப்பில் பாதி டீ வெளியே வந்துவிட்டது.

'எஞ்சின் கம்ப்யூட்டர் முற்றிலும் செயலிழந்துள்ளது. பழுது நீக்க இயலாது. தகுதியற்ற வெளிநபர் கை வைத்ததே காரணம். இது கணினியில் தயாரான அறிக்கை என்பதால் கையொப்பம் தேவையில்லை.'

"எழுதினவனுக்குப் பேரு கிடையாது, கையெழுத்து கிடையாது. அடுத்தவனத் தகுதி இல்லாதவன்னு சொல்ல மட்டும் வாய் இருக்கு!" என்றாள்.

அந்த வெளிநபர் வேறு யாருமில்லை, அவள் புருஷன்தான். வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஷெட்டில் இருபத்திரண்டு வருஷமாகக் கார் வேலை பார்க்கிற மெக்கானிக். ஆனால் மெக்கானிக் என்று அவரை யாரும் கூப்பிடுவதில்லை. பெயிண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு போல்ட்டைக் கழற்றினால் அவருக்கு அதை அப்படியே திருப்பி மாட்ட மனசு வராது. உப்புத்தாள் போட்டுத் துருவைத் தேய்ப்பார். போல்ட் உட்கார்ந்திருந்த இடத்தையும் தேய்ப்பார். இரண்டுக்கும் ஒரு கை கறுப்புப் பெயிண்ட் அடித்து, காயவைத்து, அதன் பிறகுதான் மாட்டுவார். அரை மணி நேர வேலைக்கு அரை நாள் ஆகும். வண்டிக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அவர் கைபட்ட வண்டியின் பானெட்டைத் திறந்து நாலு பேருக்குக் காட்டிப் பெருமையடிக்கவும் செய்வார்கள்.

அவளுக்கு ஈயக்காரி என்று பெயர் வந்தது எலெக்ட்ரானிக் போர்டு செய்கிற தொழிற்சாலையில். பதினொரு வருஷம் பூதக்கண்ணாடிக்குக் கீழே குனிந்தபடி, கடுகு அளவு ஈயத்தைச் சொட்டுச் சொட்டாக வைத்துப் பற்றவைத்த கை அது. தொழிற்சாலை கேட்டைப் பூட்டிவிட்டுப் போன பிறகு, முன்னறையில் ஒரு மேசை போட்டுக்கொண்டு சார்ஜர், மிக்சி, எமர்ஜென்சி விளக்கு என்று வருவதையெல்லாம் சரிசெய்துகொண்டிருந்தாள். கை எவ்வளவு பொறுமையோ, வாய் அவ்வளவு அவசரம்.

காகிதத்தைக் கொண்டுவந்தவர் பெயிண்டருடைய தங்கை புருஷன், வாடகைக் கார் ஓட்டுகிற டிரைவர். வழக்கமாகச் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்க்கிற ஆள், அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றார்.

"உள்ள வா மாப்ளே" என்றார் பெயிண்டர்.

"இல்ல மச்சான். போகணும்."

வியாழக்கிழமை பாலத்தில் ஏறும்போது அவருடைய கார் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பற்ற மாட்டேன் என்கிறது. பெயிண்டர் போய்ப் பார்த்தார். பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் பிளக் நன்றாக இருக்கிறது. மிச்சமெல்லாம் கம்ப்யூட்டர் கையில். அதனிடம் என்ன கோளாறு என்று கேட்கிற டெஸ்டர் அவரிடம் இல்லை. "கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு இழுத்துட்டுப் போ மாப்ளே, டெஸ்டர் போட்டு என்னன்னு மட்டும் கேட்டுட்டு வா" என்று அனுப்பிவைத்ததே அவர்தான். கேட்டுவந்த பதில்தான் இந்த நான்கு வரி.

"வெளில ஏதாவது வேலை செஞ்சீங்களான்னு கேட்டாங்க. மூணு வாரம் முன்னாடி பேட்டரித் தட்டு அரிச்சுப்போச்சுன்னு மாத்தினோம்னேன். அவ்வளவுதான் சொன்னேன்" என்றார் டிரைவர். "வர்ற வெள்ளிக்கிழமை அவங்களே வண்டிய எடுத்துக்கறாங்களாம். பழசுக்குப் பதிலா புதுசு, தவணையில. நான் சரின்னுட்டேன். அதுவரைக்கும் வீட்டு வாசல்ல நிக்கும்."

"மாப்ளே, ஒரு நாள் எனக்கு டைம் குடு. நான் இன்னொரு தடவை…"

"வேண்டாம் மச்சான்." டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இனிமே அதுல நீங்க கை வைக்காதீங்க."

 ஆள் போன பிறகு பெயிண்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஷெட்டுக்குப் போய், கழுவி வைத்திருந்த ஸ்பேனர்களையே மறுபடி கழுவத் தொடங்கினார். அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்கக் கேட்க ஈயக்காரிக்குத் தாங்கவில்லை. அவர் யாரையாவது திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் டீக்கடை வரைக்கும் போய்விட்டது. திங்கட்கிழமை காலை ஷெட்டில் நின்ற இரண்டு வண்டியில் ஒன்றைப் பள்ளிக்கூட டீச்சர் வந்து எடுத்துப் போனார். "தப்பா எடுத்துக்காதீங்க, இது கம்ப்யூட்டர் வண்டி, அதான்…" என்று இழுத்தார். பெயிண்டர் சிரித்துக்கொண்டே கேட்டைத் திறந்துவிட்டார். ஈயக்காரி புடவையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"கிளம்புங்க. சென்டருக்குப் போறோம்."

"எதுக்கு?"

"அந்த டெஸ்டர்ல என்ன வந்துச்சுன்னு பாக்க."

சென்டரில் ஏசி குளிரில் மெத்தை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. அதற்கு அந்தப் பக்கம் வண்டிகளும் வேலையாட்களும் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தார்கள். நீல டை கட்டிய மேற்பார்வையாளர் முக்கால் மணி நேரம் காக்கவைத்துவிட்டு வந்தார். சட்டைப் பையில் வெள்ளி நிறத்தில் ஒரு பேனா.

"மேடம், ரிப்போர்ட்தான் குடுத்துட்டோமே."

"ரிப்போர்ட்ல செத்துப்போச்சுன்னு இருக்கு. எப்படிச் செத்துச்சுன்னு இல்ல. டெஸ்டர்ல என்ன வந்துச்சு, அதக் காட்டுங்க."

"டெஸ்டர் போட்டோம். கம்ப்யூட்டர் பேசல. பேசலன்னா டெட்னு அர்த்தம்."

"எங்க வீட்டுக்காரரும் கோவம் வந்தா ரெண்டு நாள் பேசமாட்டாரு. அவரத் தூக்கிட்டுப் போய் எரிச்சிட்டா வந்திருக்கேன்?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவர் சிரித்துவிட்டார். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. பெயிண்டர் மெதுவாகக் கேட்டார்: "சார், கம்ப்யூட்டருக்கு வர்ற சப்ளை பாத்தீங்களா? எர்த்து பாத்தீங்களா?"

"அதெல்லாம் டெஸ்டரே பாத்துக்கும்."

"ஒருவேளை பாக்கலன்னா?"

"நீங்க யாரு?"

பெயிண்டர் வாயைத் திறப்பதற்குள் ஈயக்காரி முந்திக்கொண்டாள். "வெளிநபர்" என்றாள். "தகுதி இல்லாத வெளிநபர். நல்லாப் பாத்துக்கங்க, ஆளைப் பாக்காமலே எழுதிட்டீங்க."

"மேடம், டெஸ்டர் ஸ்கிரீனை வெளி ஆளுங்களுக்குக் காட்டக் கூடாது. கம்பெனி ரூல்."

"வண்டி யாருது?"

"கஸ்டமருது."

"அதுல இருக்கற கம்ப்யூட்டர் யாருது?"

"கஸ்டமருதுதான்."

"அப்ப அது சொல்ற பேச்சு மட்டும் எப்படி உங்களுதாச்சு?"

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ்வளவு சந்தேகம்னா நீங்களே ஒரு டெஸ்டர் செஞ்சுக்கங்க மேடம்" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"செஞ்சுக்கறேன்!" என்று அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். கதவு மூடிக்கொண்டது. அவர் காதில் விழுந்ததோ என்னவோ, மெத்தை நாற்காலியில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழுந்தது.

கோபத்தில் சொன்னதுதான். ஆனால் வீடு வந்து சேர்வதற்குள் அது வேலையாகிவிட்டது. காரில் ஸ்டீயரிங்குக்குக் கீழே பதினாறு ஓட்டை உள்ள ஒரு பிளக் இருக்கும். டெஸ்டரை அதில்தான் சொருகுவார்கள். பழைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பேசுவதெல்லாம் அதில் ஒரே ஒரு ஒயர் வழியாகத்தான். அந்த ஒயரில் பன்னிரண்டு வோல்ட் ஓடும். லேப்டாப்புக்கு அது ஆகாது. நடுவில் உட்கார்ந்து இருவருக்கும் பொதுவாகப் பேசுகிற ஒரு சின்ன போர்டு இருந்தால் போதும். அதற்கான வரைபடத்தை முகம் தெரியாத எவரோ இன்டர்நெட்டில் சும்மா போட்டு வைத்திருந்தார். லேப்டாப்பில் ஓடவேண்டிய மென்பொருளையும் கூடவே வைத்திருந்தார். ஈயக்காரி அந்த முகம் தெரியாதவரை மனசார வாழ்த்தினாள். கண்ணாடிக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறவர்கள் இருக்கிற உலகத்தில் இப்படியும் ஒரு ஆள் இருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை பழைய ரேடியோ போர்டுகளிலிருந்து இரண்டு டிரான்சிஸ்டர், ஐந்து ரெசிஸ்டர், ஒரு டயோடு கழற்றினாள். காரில் சொருகுகிற பிளக் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. பெயிண்டர் ஷெட்டின் மூலையில் தார்ப்பாய் போட்டு மூடிவைத்திருந்த, நசுங்கிப்போன அதே ரகக் காரிலிருந்து பித்தளைப் பின்களைப் பிடுங்கிவந்து, ஒரு ரப்பர்த் துண்டில் பதினாறு ஓட்டைக் கணக்குக்குச் சொருகிக் கொடுத்தார். போர்டை வைக்க ஒரு பெட்டி வேண்டுமே என்று தேடியபோது குளியலறையில் கிடந்த பச்சை சோப்பு டப்பா கண்ணில் பட்டது. மூடி இருக்கிறது, தண்ணீர் வடிய ஓட்டையும் இருக்கிறது. அந்த ஓட்டை வழியாகவே ஒயரை வெளியே எடுத்தாள்.

அவள் மேசையை ஷெட்டுக்கே நகர்த்திப் போட்டிருந்தார்கள். வெயில் தகரக் கூரையைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. ஈயப் புகை மேலே போக இடமில்லாமல் மேசையைச் சுற்றியே நின்றது. அடுப்பு மூட்ட இருவருக்கும் தோன்றவில்லை. அவித்த முட்டையும் பன்னும் தின்றுகொண்டு வேலை பார்த்தார்கள்.

"நசுங்கின வண்டியோட கம்ப்யூட்டரயும் கழட்டிட்டு வாங்க. மொதல்ல இதுகிட்டப் பேசிப் பழகிக்கலாம்" என்றாள்.

"அது உசுரோட இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"செத்துப்போச்சுன்னு யாரும் இன்னும் காகிதம் குடுக்கல இல்ல?"

மேசையில் பேட்டரி வைத்து, கம்ப்யூட்டரை இணைத்து, சோப்பு டப்பாவைச் சொருகினாள். பதில் இல்லை. மதியம் வரை பதில் இல்லை. இணைப்பு ஒவ்வொன்றையும் பூதக்கண்ணாடியில் பார்த்தாள், பழுதில்லை. பெயிண்டர், "வரைபடமே தப்போ?" என்றார். "அந்த மனுஷன் தப்பா வரைஞ்சிருக்க மாட்டாரு" என்று அடித்துச் சொன்னாள், ஏதோ கூடப் பிறந்தவரைச் சொல்வதுபோல.

அந்த வகைக் கம்ப்யூட்டரை முதலில் எழுப்ப வேண்டும். நொடிக்கு ஐந்தே ஐந்து துடிப்பு என்று மெதுவாகத் தட்ட வேண்டும். எழுந்தால், எந்த வேகத்தில் பேசலாம் என்று அதுவே சொல்லும். ஈயக்காரி தட்டுகிற ஒயரில் ஒரு சிவப்புப் பொட்டு விளக்கை மாட்டிவிட்டுப் பார்த்தாள். விளக்கு நின்று நின்று சிமிட்டவில்லை. ஒரு மினுக்கு மினுக்கி அணைந்தது.

"பாருங்க, வேகமா தட்டுது. தூங்கற ஆள எழுப்ப இப்படியா கதவ இடிப்பாங்க?"

லேப்டாப்பில் வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி தட்டினாள். பொட்டு விளக்கு நிதானமாகச் சிமிட்டியது. ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு திரையில் ஐந்து, ஐந்து என்று இரண்டு இலக்கம் வந்து நின்றது. எழுந்துவிட்டேன் என்பதற்கு அதுதான் அடையாளம். அதன் பின்னால் வேறு எண்கள் வரிசையாக வந்தன.

"பேசுதுடி!" என்று கத்தினார் பெயிண்டர். மூன்று நாளாகக் குரலே உயர்த்தாத மனுஷன் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் தலையை நீட்டிப் பார்த்தார்.

புதன்கிழமை விட்டு விட்டு மழை. வியாழக்கிழமை காலை தூறல் விட்டதும் சோப்பு டப்பாவும் லேப்டாப்பும் வோல்ட் மீட்டரும் ஸ்பேனர் பையுமாக நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். தார்ச்சாலை ஓரத்தில் கார் நின்றது. கண்ணாடியில் தூசும் மழையும் சேர்ந்து கோடு கோடாக இறங்கியிருந்தன. டிரைவர் வாசலுக்கு வந்தார்.

"அக்கா, நான் அன்னிக்கே சொன்னேனே…"

"அவர் கை வைக்கக் கூடாதுன்னுதானே தம்பி சொன்ன? அவர் வைக்கமாட்டாரு. நான் வைக்கறேன். எனக்கு யாரும் இன்னும் தகுதி இல்லன்னு எழுதிக் குடுக்கல."

உள்ளேயிருந்து நாத்தனார் வந்து புருஷனைப் பார்த்தாள். "அண்ணி கேக்கறாங்க இல்ல, சாவியக் குடுங்க" என்றாள். டிரைவர் கொடுத்தார்.

பெயிண்டர் மூன்று அடி தள்ளி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். இருபத்திரண்டு வருஷம் பானெட்டுக்குள் தலைவிட்டு வாழ்ந்த ஆள், தன் தங்கை வீட்டு வாசலில், தானே பராமரித்த வண்டியைத் தொடக் கூடாமல் அப்படி நின்றதைப் பார்க்கையில் ஈயக்காரிக்கு அந்த நீல டையை நினைத்துப் பல்லை நறநறவென்று கடிக்கத் தோன்றியது.

"எர்த்த பேட்டரி மைனஸ்ல போடு" என்றார் நின்ற இடத்திலிருந்து.

மெக்கானிக்குகள் எல்லோரும் செய்வது அதுதான். போட்டாள். தட்டினாள். பொட்டு விளக்கு ஒழுங்காகச் சிமிட்டியது. திரை காலியாகவே இருந்தது. இன்னொரு முறை. மறுபடியும் காலி.

"அதான் அக்கா, அவங்களும் சொன்னாங்க. பேசாதுன்னு" என்றார் டிரைவர். குரலில் குத்தல் இல்லை, சலிப்புதான். அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

அவள் சீட்டில் உட்கார்ந்து சோப்பு டப்பாவையே பார்த்தாள். தொழிற்சாலையில் போர்டைச் சோதிக்கும்போது எர்த்தை மேசைச் சட்டத்தில் பிடிக்கமாட்டார்கள். அந்த போர்டின் சொந்த எர்த்தில்தான் பிடிப்பார்கள். பதினொரு வருஷப் பழக்கம். இங்கே புருஷன் சொன்னாரே என்று மாற்றிப் போட்டிருக்கிறாள். பிளக்கில் நான்காவது ஓட்டை வண்டி உடம்பின் எர்த்; ஐந்தாவது ஓட்டை கம்ப்யூட்டரின் சொந்த எர்த். பேட்டரியில் கவ்வியிருந்த கிளிப்பை எடுத்துவிட்டு ஐந்தாவதில் ஒயரைக் கொடுத்தாள். தட்டினாள்.

ஐந்து, ஐந்து.

 எண்கள் ஓடின. எஞ்சின் சூடு எவ்வளவு, காற்று எவ்வளவு என்று கம்ப்யூட்டர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனது. ஒரு வாரமாக யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்துக் கிடந்ததுபோல இருந்தது.

"செத்துப்போச்சாம்! நல்லாப் பாரு தம்பி, செத்தது பேசுது!" என்றாள்.  "கம்ப்யூட்டருக்கு எத்தன வோல்ட் வருதுன்னு அதுவே சொல்லுது பாரு. ஒம்போது. பேட்டரில?"

டிரைவரே மீட்டரை வைத்துப் பார்த்தார். "பன்னெண்டு இருக்கு அக்கா."

"மீதி மூணு எங்க போச்சு?"

"எர்த்து" என்றார் பெயிண்டர், கட்டிய கையை அவிழ்க்காமல். "எர்த்து சரியாப் பிடிக்கல. கால் தரையில பாவல, அவ்வளவுதான் அதுக்கு நோவு. அவங்க டெஸ்டர் வண்டி உடம்புல எர்த்து பிடிச்சிருக்கும், அதான் அவங்களுக்குக் கேக்கல. பேட்டரித் தட்டுக்கு அடியில ஒரு போல்ட்டு, ரெண்டு கறுப்பு ஒயரு வந்து சேரும். பத்தாம் நம்பர் ஸ்பேனரு."

ஈயக்காரி பேட்டரியைத் தூக்கி வைத்தாள், தட்டைக் கழற்றினாள், குனிந்து போல்ட்டை எடுத்தாள். ஒயர்களின் வளையத்தைத் தூக்கிப் பார்த்தாள்.

வளையத்துக்கு அடியில் கறுப்பு. பளபளவென்று, ஒரு தூரிகைக் கோடுகூடத் தெரியாமல் அடித்த கறுப்புப் பெயிண்ட். வெறும் இரும்போடு இரும்பு ஒட்ட வேண்டிய இடம். மூன்று வாரம் மின்சாரம் போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கொஞ்சம் கசிந்து ஓடியிருக்கிறது. மரையில் துரு ஏற, அதுவும் அடைபட்டுப் போயிருக்கிறது. அந்தக் கறுப்பு யாருடைய கை வேலை என்று அவளிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எந்தக் காகிதமும் வேண்டியதில்லை.

பெயிண்டருக்கு அது தெரியாது. மூன்று அடி தள்ளி நிற்கிறார். டிரைவர் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவள் பையிலிருந்து உப்புத்தாளை எடுத்தாள். அவள் யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது. யோசிக்காமல் செய்தாள் என்றும் சொல்ல முடியாது. இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை அழுத்தித் தேய்த்தாள்.

"என்னது?" என்று கேட்டார் பெயிண்டர்.

"துரு" என்றாள்.

எல்லாவற்றையும் மாட்டி டிரைவர் சாவியைத் திருப்பினார். வண்டி உடனே பற்றிக்கொண்டது. நாத்தனார் "அண்ணே!" என்று ஓடிவந்தாள். டிரைவர் இறங்கிவந்து பெயிண்டரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், மன்னிச்சிடுங்க. அவனுங்க பேச்சக் கேட்டு உங்கள… என்னத்தான் செருப்பால அடிக்கணும்."

"அட விடு மாப்ளே. ஏதோ துரு" என்றார் பெயிண்டர். முகம் முழுக்கச் சிரிப்பு. கை விடுபட்டதும் வழக்கம்போலப் பொருட்களை எடுத்து அடுக்கத் தொடங்கினார். வேலை முடிந்த இடத்தில் ஒரு நூல்கூடக் கிடக்கக் கூடாது அவருக்கு. ஸ்பேனரைத் துடைத்து வைத்தார். மீட்டர் ஒயரைச் சுற்றி வைத்தார். உப்புத்தாளை மடிப்பதற்காக எடுத்துத் திருப்பினார்.

துரு என்றால் காவி நிறம் இருக்கும். உப்புத்தாளில் இருந்தது கறுப்பு. விரலால் தொட்டார். முகர்ந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து ஈயக்காரியைப் பார்த்தார். அவள் லேப்டாப்பை மூடுவதுபோலக் குனிந்துகொண்டாள்.

"மாப்ளே" என்றார். "வண்டிய ஆஃப் பண்ணு."

"ஏன் மச்சான்?"

"ஆஃப் பண்ணு, சொல்றேன்." உப்புத்தாளை விரித்துக் காட்டினார். "இது துரு இல்ல. என் பெயிண்டு. எர்த்துப் போல்ட்டுக்கு அடியில அடிச்சிருக்கேன். பேட்டரித் தட்டு மாத்தினப்போ அழகா இருக்கட்டும்னு மொத்தத்துக்கும் ஒரு கை அடிச்சேன். வண்டி நின்னது என்னாலதான்."

தூறல் மறுபடி ஆரம்பித்தது.  டிரைவரின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியது.

"ஒரு வாரம் மச்சான்" என்றார். "ஒரு வாரமா நான் வீட்டுல உக்காந்திருக்கேன். நாளைக்கு இந்த நேரம் வண்டி போயிருக்கும். ஒரு போல்ட்டு அழகா இருக்கறதுக்கா?"

"ஆமா மாப்ளே."

"அண்ணி, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் நாத்தனார்.

 ஈயக்காரிக்கு முதலில் புருஷன் மேல்தான் கோபம் வந்தது: வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கக் கூடாதா இந்த மனுஷன்? சென்டர்காரன் பொய் சொன்னது உண்மைதானே? பிறகு, தன் வாயால் சொன்ன அந்த ஒற்றைச் சொல் நினைவுக்கு வந்தது. துரு. பார்க்காமல் எழுதியவனாவது பார்க்காமல் எழுதினான். இவள் கண்ணால் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"தெரியும்" என்றாள். "நான்தான் தேச்சு மறைச்சேன்."

டிரைவர் வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ரோட்டைப் பார்த்து நின்றார். திரும்பிவந்து மச்சான் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்: "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு ரெண்டு பேரும் வாங்க. சென்டருக்குப் போவோம். அந்தக் காகிதத்தயும் எடுத்துட்டு வாங்க. அந்த சோப்பு டப்பாவயும்."

வெள்ளிக்கிழமை, செத்துப்போன கம்ப்யூட்டர் ஓட்டிய வண்டியிலேயே மூவரும் சென்டருக்குப் போனார்கள். பெயிண்டரும் ஈயக்காரியும் வாடகைக்கு வந்தவர்கள்போலப் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். மேற்பார்வையாளர் வாசலில் வண்டி உறுமிக்கொண்டு நிற்பதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு, இந்த முறை காக்கவைக்காமல் வந்தார்.

"கம்ப்யூட்டர் மாத்திட்டீங்களா?"

"அதே கம்ப்யூட்டர்தான் சார்" என்றார் பெயிண்டர். "எர்த்து பிடிக்காம இருந்துச்சு. என்ன காரணம்னா நான் அடிச்ச பெயிண்டு."

மேற்பார்வையாளர் முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தீங்களா? வெளிநபர் கை வைத்ததே காரணம். ரிப்போர்ட்ல இருக்கறது கரெக்ட்தானே?"

"மூணாவது வரி நிக்கட்டும் சார். நான் ஒத்துக்கறேன். மொத ரெண்டு வரிய அடிங்க. உசுரோட இருந்தத செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. இவன் இன்னிக்கு இந்த வண்டிய உங்ககிட்டத் தூக்கிக் குடுத்திருப்பான்."

"அது சிஸ்டம்ல ஏறிடுச்சு. மாத்த முடியாது."

"சிஸ்டமா எழுதுச்சு? அதுக்குக் கை இருக்கா?" ஈயக்காரியின் குரலுக்கு ஏசி அறையே திரும்பிப் பார்த்தது. சோப்பு டப்பாவை அவர் மேசையில் வைத்தாள். "நீங்கதானே செஞ்சுக்கச் சொன்னீங்க? இந்தாங்க. இதுக்குக் கேட்டுச்சு, உங்களுக்குக் கேக்கல. அஞ்சாவது ஓட்டையில எர்த்து பிடிச்சுப் பாக்க அஞ்சு நிமிஷம் ஆகியிருக்காது. பாக்கல. பாக்கலன்னு எழுதியிருந்தா நான் இங்க வந்து நிக்கமாட்டேன்."

"மேடம், கொஞ்சம் மெதுவா…"

பெயிண்டர் அதற்குள் காகிதத்தை மேசையில் விரித்துவிட்டார். மேற்பார்வையாளரின் சட்டைப் பையைக் காட்டி, "பேனா" என்றார். கூட்டத்துக்கு முன்னால் மறுக்க முடியாமல் அவர் எடுத்துக் கொடுத்தார். நான்கு வரிக்குக் கீழே பெயிண்டர் கோணல்மாணலாக எழுதினார்: 'எர்த் போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் அடித்தது நான்.' பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஈயக்காரி பேனாவை வாங்கினாள். "மத்தவங்களக் கேக்கணும்னா மொதல்ல நம்ம கணக்கு நேரா இருக்கணும்" என்று சொல்லி, அதற்கடுத்து எழுதினாள்: 'அதைத் தேய்த்து மறைக்கப் பார்த்தது நான்.' அவளும் கையெழுத்துப் போட்டாள். அதற்கும் கீழே இன்னொரு வரி எழுதினாள்: 'பார்க்காமலே செத்துப்போனது என்று எழுதியது நான்.' பக்கத்தில் இடம் விட்டு, பேனாவை அவரிடமே நீட்டினாள்.

மேற்பார்வையாளர் பேனாவைப் பார்த்தார். மெத்தை நாற்காலிகளைப் பார்த்தார். பேனாவை வாங்கி, மூடியைப் போட்டு, பையில் செருகிக்கொண்டார்.

"கையொப்பம் தேவையில்ல மேடம்" என்றார்.

வெளியே வந்து வண்டியில் ஏறியபோது டிரைவர் முன்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "முன்னாடி உக்காருங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கொஞ்ச தூரம் போன பிறகு, "பானெட்டுக்குள்ள இனிமே பெயிண்டு டப்பா வரக் கூடாது" என்றார். பெயிண்டர் தலையாட்டினார்.

டீச்சர் வண்டி அடுத்த மாதம் ஷெட்டுக்குத் திரும்பி வந்தது. காகிதம் இப்போது ஷெட்டுச் சுவரில், சோப்பு டப்பா தொங்குகிற ஆணிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. வருகிறவர்கள் முதலில் மேலே இருக்கிற கம்பெனி முத்திரையைப் பார்க்கிறார்கள், பிறகு நின்று கீழே வரை படிக்கிறார்கள். கடைசி வரிக்கு வந்ததும், இது யார் கையெழுத்துப் போட வேண்டிய இடம் என்று கேட்கிறார்கள்.

ஈயக்காரி தலையை நிமிர்த்தாமல் பற்றவைத்துக்கொண்டே, "ஆள் இன்னும் வரல" என்று சொல்வாள்.